உதவியா, ஆளோலையா?

விளையாட்டினால் வயிறு நிறையுமா என்று நம் பெரியோர் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால், "படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே" என்னும் சொல் வாசற்படி வரை பின்தொடரும். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. நன்றாக ஓடும் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லை. நன்றாகக் கபடி ஆடும் பையனுக்கு விடுதியும் உணவும் இலவசம். இவை போதாவென்று, மாதந்தோறும் பணம் தருகிறோம், காலணி தருகிறோம், எங்கள் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினால் போதும் என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வருவோரும் உளர். வயிறு நிறையுமா என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. நிறைக்க வருகிறவர் பதிலுக்கு எதனை எடுத்துச் செல்கிறார் என்று கேட்டறிவதே இன்றைய பெற்றோரின் கடமையாகிறது.

நான் திருநாவலூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கெடிலத்தின் மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாமல் பாதியில் நின்றுபோன பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். ஆதலின், விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பணம் வருவதை எதிர்க்கும் மனம் எனக்கு ஒருபோதும் இல்லை. வரும் பணம் எந்த வழியாக, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

வீட்டுக்கு வந்த காகிதம்

என் தங்கையின் மகள் 400 மீட்டர் ஓட்டக்காரி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டுக் கல்லூரியில் சேரக் காத்திருந்த வேளையில், பக்கத்து ஊரில் உடற்பயிற்சிக்கூடமும் ஊட்டச்சத்து மாவுக் கடையும் நடத்தும் ஒருவர், தம் ஆள் ஒருவரைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு ஒரு ஜோடி ஓட்டக் காலணி, கடையின் மாவு டப்பாக்கள் இலவசம். இவ்வளவும் தருவதாக முத்திரைத்தாளில் அச்சிட்ட ஓர் ஒப்பந்தம். தங்கையின் கணவர் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். ஆலை ஓடும் மாதங்களில் வருமானம் உண்டு. மற்ற மாதங்களில் கடன் உண்டு. 3,000 ரூபாய் அந்த வீட்டில் சிறு தொகையன்று.

"அண்ணே, நல்லவங்களாத்தான் தெரியுறாங்க. நீங்க ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று தங்கை காகிதத்தை என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

நான்கு பக்கம். முதற்பக்கத்தில் தருவதெல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் எடுப்பதெல்லாம் இருந்தன. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு, விளையாட்டின் வழியாகக் கிடைக்கும் எல்லா வருவாயிலும் நூற்றுக்கு 40 பங்கு அவர்களுக்கு. பிள்ளையின் படத்தை எக்காலத்தும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு. அவர்கள் கடை மாவைத் தவிர வேறெதனையும் உண்ணலாகாது. இடையில் விலகினாலோ, "எக்காரணத்தாலோ" ஓட இயலாது போனாலோ, அதுவரை பெற்ற தொகையை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அதற்குத் தந்தை பிணை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 36,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் பெற்றபின் முழங்காலில் அடிபட்டு ஓட முடியாமற்போனால், பெற்ற 72,000 ரூபாய்க்கு 1,44,000 ரூபாய் கட்ட வேண்டும். முதலமைச்சர் கோப்பைக்கான மாநிலப் போட்டியில் தனிநபர் பிரிவில் முதலிடம் வந்தால் கிடைக்கும் 1 லட்சம் ரூபாயில் 40,000 அவர்களுக்கு. இவற்றை விட என்னைத் துணுக்குறச் செய்தது "எல்லா வருவாயிலும்" என்ற சொல்தான். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அவ்வழியில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தால், மாதச் சம்பளத்திலும் 40 பங்கு கேட்க அந்தச் சொல் இடங்கொடுக்கும். ஒரு பிள்ளையின் கால்களை மட்டுமல்லாமல் அவளுடைய வாழ்வின் பாதியையும் சேர்த்து அந்தக் காகிதம் அடகு கேட்டது.

நம் ஊர்க் கதையில் ஓர் ஓலை

திருநாவலூர்க்காரர்களுக்கு இப்படியோர் ஆவணத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வூரில் பிறந்த சுந்தரரின் வரலாற்றிலேயே ஓர் ஆளோலை வருகிறது. திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்று, "உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்று வாதிட்டதையும், சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்ததையும், கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று முதியவர் சொன்னதையும், அவ்வூர்ச் சபையார் பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஓலை மெய்யென்று தீர்த்ததையும் சேக்கிழார் விரிவாகப் பாடியுள்ளார். நம் இந்துச் சகோதரர்களுக்கு அது இறைவன் அடியவரை ஆட்கொண்ட புனித வரலாறு. ஆட்கொள்பவன் இறைவனாயின் அடிமையாவதும் பேறுதான். மாவுக் கடைக்காரர் ஆட்கொள்ள வந்தால் அப்படிச் சொல்ல முடியுமா?

அவ்வரலாற்றில் உலக வழக்குக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தான் எழுதாத ஓலை பேரனைக் கட்டியது. மூலப்படி யார் கையில் இருந்ததோ அவர் பக்கமே வழக்கு சாய்ந்தது. என் தங்கைக்கு வந்த ஒப்பந்தத்திலும் மூலப்படி அவர்களிடமே இருக்கும் என்றும், வேண்டுமானால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அந்த ஆள் சொல்லியிருந்தார்.

தடை விதித்த நாடு

பணத்தால் இத்தனை தொல்லை என்றால், கல்லூரி மாணவர்கள் விளையாட்டால் பணமே பெறக் கூடாது என்று சட்டம் போட்டுவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அந்த வழியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்து பார்த்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும்.

பணம் வாங்காமல் ஆடுவதே உயர்வு என்னும் எண்ணம் இங்கிலாந்தின் செல்வர் குடிகளிலிருந்து வந்தது. 1866இல் இலண்டனில் ஏற்பட்ட தடகளச் சங்கம் ஒன்று, கைத்தொழிலாளரையும் கூலியாட்களையும் 'தூய' விளையாட்டு வீரர் என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. உழைத்து உண்பவன் ஓடுவதற்குத் தகுதியற்றவன் என்பதே அதன் பொருள். பணத்தைப் பழித்த அந்த விதியின் அடியில் ஏழையைப் பழிக்கும் எண்ணம் மறைந்திருந்தது.

அதற்குப் பலியானவர்களுள் ஒருவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பழங்குடியில் பிறந்து, கார்லைல் என்னும் ஊரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென நடந்த கல்விக்கூடத்தில் பயின்றவர். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டித் தொகுப்பிலும் பத்துப் போட்டித் தொகுப்பிலும் தங்கம் வென்றார். 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறையில் சிறு ஊர்க் குழுவொன்றில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற செய்தி 1913இல் வெளிவரவே, அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அக்காலத்தில் கல்லூரி மாணவர் பலர் பொய்ப் பெயரில் அவ்வாறு ஆடி வந்தனர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். அவர் 1953இல் இறந்தார். பறித்த பெருமையை 1982இல் பாதியாகவும், 2022இல் முழுமையாகவும் ஒலிம்பிக் குழு திருப்பிக் கொடுத்தது. இறந்தவருக்கு அது என்ன பயன்?

பின்னாளில் கல்லூரிப் போட்டிகளை ஆண்ட என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம், ஆடுபவர்களை 'மாணவ வீரர்' என்று பெயரிட்டு அழைத்தது. கேட்பதற்கு இனிய சொல். ஆனால் 1955இல் கொலராடோ மாநிலக் கல்லூரியொன்றின் மாணவர், கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடினார். கல்லூரிக்குக் கால்பந்து ஒரு தொழிலன்று என்று கூறி, 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. பிற்காலத்தில் அதே கல்லூரி ஆட்டங்கள் தொலைக்காட்சி உரிமை வழியே கோடி கோடியாகப் பொருள் ஈட்டின. பயிற்சியாளர்கள் பெருஞ்சம்பளம் பெற்றனர். ஆடிய பிள்ளை மட்டும் தன் எண் எழுதிய சட்டை கடையில் விற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

தடையை எடுத்த பின்

2019இல் கலிபோர்னியா மாநிலம் முதன்முதலில் அத்தடையை உடைத்தது. தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு மாணவ வீரர் பொருள் ஈட்டுவதைக் கல்லூரிகள் தடுக்கலாகாது என்று சட்டம் இயற்றிற்று. 2021 ஜூன் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்வி சார்ந்த உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரம்பு செல்லாது என்று தீர்ப்பளித்தனர். அடுத்த மாதம் முதல் நாளே விளம்பர வருவாய்க்கான கதவு நாடு முழுதும் திறந்துவிடப்பட்டது.

திறந்த கதவு வழியே நன்மையும் வந்தது; கூட்டமாகத் தீமையும் வந்தது. பழைய மாணவரும் செல்வரும் கூடிப் பணத்திரட்டு அமைத்து, விளம்பரம் என்ற பெயரில் வீரர்களை ஒரு கல்லூரியிலிருந்து மறு கல்லூரிக்கு இழுக்கலாயினர். உண்மையில் எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்யாமலே சிலருக்குப் பெருந்தொகை, பலருக்கு ஒன்றுமில்லை. ஆகவே 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி புது ஒழுங்கு பிறந்தது. கல்லூரிகளே வீரர்களுக்கு நேராகப் பங்கு தரலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு உச்ச வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வெளியார் தரும் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ ஆனால், அதனைப் பதிவு செய்தாக வேண்டும். அது மெய்யான வணிக நோக்கம் உடையதா, தொகை நியாயமானதா என்று ஒரு தனி அமைப்பு பார்க்கும். அந்த ஒழுங்கின் மீதும் வழக்குகளும் வாக்குவாதங்களும் எழுந்தன. பெண் வீரர்களுக்குக் கிடைக்கும் பங்கு மிகக் குறைவு என்பது ஒரு பெருங்குறை. எனினும் முழுத் தடையும் ஏழையை நசுக்கும், முழுச் சுதந்திரமும் எளியவனை ஏமாற்றும் என்பதை அந்நாடு தன் செலவில் நமக்குக் கற்பித்திருக்கிறது.

நம் நாட்டில்

நம் நாட்டில் அப்படிப்பட்ட தடை எக்காலத்தும் இருந்ததில்லை. ஆனால், தடை இல்லாதது போலவே நெறியும் இல்லை.

அரசு தரும் உதவிகளுக்கு எழுதிவைத்த கணக்கு உண்டு. கேலோ இந்தியா திட்டத்தில், தேர்வு பெற்ற இளைஞருக்கு ஆண்டுக்கு 6 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் வரை செலவிட வகை செய்யப்பட்டது. அதில் 1 லட்சத்து 20 ஆயிரம், கைச்செலவுக்கெனப் பிள்ளைக்கே சேரும். 2023இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, ஏழை வீரர்களின் பயணத்துக்கும் கருவிகளுக்கும் உதவுகிறது. வென்று வந்தவர்க்கு அரசு வாரி வழங்குவதையும் காண்கிறோம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற துளசிமதி முருகேசன், 2024இல் பாரீசில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெள்ளி வென்றபோது, தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் வழங்கிற்று. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் கபடியில் தங்கம் வென்ற அணிகளில் ஆடிய சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கிடைத்தது.

இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் பெரும்பணம் பதக்கத்துக்குப் பின் வருகிறது. பிள்ளையின் பசியோ பதக்கத்துக்கு முன்னமே வருகிறது. அந்த இடைவெளியில்தான் மாவுக் கடைக்காரர் வந்து நிற்கிறார். என் தங்கை மகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பிறகு 25 லட்சம் பரிசு பெறும் நிலைக்கு உயர்ந்திருந்தால், ஆண்டுக்கு 36,000 கொடுத்தவருக்கு அதில் 10 லட்சம் போயிருக்கும்.

கல்லூரிகள் தரும் இலவச இடமும் ஒருவகைச் சம்பளமே. அதிலும் கவனம் வேண்டும். எங்கள் பெண்ணுக்கு இடம் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் கல்லூரி, கட்டணமும் விடுதியும் இலவசம் என்று வாயால் சொன்னது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே வைத்துவிட வேண்டும் என்றது. அடிபட்டால் என்னாகும் என்ற கேள்விக்கு, "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதே விடை. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், நிறுத்தி வைக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டுள்ளது. பல பெற்றோர்க்கு இது தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் துணிவதில்லை.

நான் கேட்டேன். இரண்டு முறை நேரில் சென்று, பணிவோடு, ஆனால் விடாமல் கேட்டேன். இறுதியில் ஒரு கடிதம் தந்தார்கள். கட்டணமும் விடுதியும் இலவசம். சான்றிதழ்கள் திருப்பித் தரப்படும். அடிபட்டால் அந்தக் கல்வியாண்டு முடியும் வரை சலுகை நீடிக்கும். மூன்றாண்டுக்கும் நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். ஆயினும் வாய்ச்சொல்லை விட அரைப்பங்குக் கடிதம் மேல்.

மாவுக் கடைக்காரரிடமும் பேசினேன். பங்கைப் பத்தாகக் குறையுங்கள், காலத்தை இரண்டு ஆண்டாக்குங்கள், அடிபட்டால் திருப்பிக் கேளாதீர்கள் என்று மூன்று திருத்தம் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "சார், இதே பேப்பர்ல கையெழுத்துப் போட வேற பிள்ளைங்க இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் பெண் மாதம் 3,000 ரூபாயை இழந்தாள். அதனால் அவ்வீட்டில் சில மாதங்கள் முட்டையும் பாலும் குறைந்தன என்பதை மறைப்பதற்கில்லை. அவர் சொன்னதும் பொய்யன்று. அதே காகிதத்தில், இன்னொரு சிற்றூரைச் சேர்ந்த பையனின் தந்தை அடுத்த மாதமே கையெழுத்திட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தச் செய்தி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. ஒரு வீட்டில் படித்த மாமன் ஒருவன் இருந்தான்; ஆகவே ஒரு பிள்ளை தப்பினாள். படித்த மாமன் இல்லாத பிள்ளைகளின் நிலை என்ன? தனி ஒருவரின் எச்சரிக்கையால் அந்தக் காகிதம் வீடு மாறுமேயன்றி மறைந்துபோகாது. எல்லாருக்கும் பொதுவான நெறி ஒன்று வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

என்ன நெறி வேண்டும்?

இருவர் மனமொத்துச் செய்த ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்று கேட்பார் உண்டு. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடல் இக்கேள்விக்கு விடை கூறியிருக்கிறது. இருவரும் இசைந்தனர் என்பதனாலேயே கூலி நியாயமாகிவிடாது. வறுமையின் நெருக்கடியால் ஒருவன் இசைந்தால் அது அநீதிக்கு ஆட்பட்டதேயாகும் என்பது அதன் கருத்து. ஆலைத் தொழிலாளிக்குச் சொன்ன அந்த நீதி, ஓடுகளத்தில் வியர்வை சிந்தும் பிள்ளைக்கும் பொருந்தாதா?

நெறி என்றதும் தொகைக்கு வரம்பு கட்டச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டா. பிள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் பெறட்டும். தருபவர் எடுப்பதற்குத்தான் வரம்பு வேண்டும். பரிசில் பங்கு கேட்பதானால் அதற்கோர் உச்ச அளவும், ஒப்பந்தக் காலத்துக்கோர் எல்லையும் வேண்டும். அரசு வேலையின் சம்பளத்தையும் உபகாரச் சம்பளத்தையும் யாரும் தொடலாகாது. அடிபட்ட பிள்ளையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாகாது. தேர்வு நாட்களில் விளம்பரத்துக்கு அழைக்கலாகாது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தம் அனைத்தும் கல்லூரியிலோ மாவட்ட விளையாட்டு அலுவலரிடமோ பதிவாக வேண்டும். கல்லூரியே ஒப்பந்தக்காரராக இருந்தால், வேறோர் அலுவலர் பார்க்க வேண்டும்.

விளம்பரப் பொருள்களிலும் வரம்பு வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஊட்டச்சத்து மாவுகளின் நிலை அப்படியன்று. தடை செய்யப்பட்ட மருந்து ஒரு மாவில் கலந்திருந்து, அது பிள்ளையின் உடலில் காணப்பட்டால், அறியாமல் உண்டேன் என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி. பொய் விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. டப்பாவை விற்பவருக்கு இலாபம், அதைக் கையில் பிடித்துச் சிரித்த பிள்ளைக்குத் தண்டனை என்னும் நிலை வரலாகாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நேர்மையான மறுப்பு. இத்தனை விதி வைத்தால், நல்ல மனத்தோடு உதவுபவரும் ஓடிவிடுவாரே என்பார்கள். எங்கள் பெண்ணுக்குக் கடைசியில் ஓட்டக் காலணி வாங்கித் தந்தவர், உளுந்தூர்ப்பேட்டையில் உரக்கடை நடத்தும் ஒருவர். என் பழைய மாணவர். காகிதமும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. "நல்லா ஓடும்மா" என்று சொன்னதோடு சரி. அவரைப் போன்றவரை அலுவலகப் படிகளில் ஏற்றி இறக்கினால், அடுத்த பிள்ளைக்குக் காலணி கிடைக்காது. அதனால்தான் சிறு தொகைக்கு விலக்கு வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் 600 டாலருக்குக் குறைந்ததைக் கேட்பதில்லை என்ற ஏற்பாட்டின் நியாயமும் இதுவே. பதிலுக்கு எதனையும் கேளாத கொடைக்கு எந்தப் பதிவும் வேண்டியதில்லை. பங்கு கேட்கும் நொடியிலேயே அது கொடை என்னும் பெயரை இழந்து வணிகமாகிறது. வணிகத்துக்குக் கணக்கு உண்டு.

பெற்றோரே, இன்றே செய்யக்கூடியவை

சட்டம் வரும் வரை நாம் கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள சட்டங்களே ஓரளவு காப்பு அளிக்கின்றன. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு 1903இல் பிரிவி கவுன்சில் தந்த விளக்கம் அது. இதனை அறிந்தவர்களாதலால்தான் பிள்ளையோடு தந்தையின் கையெழுத்தையும் கேட்கிறார்கள். தந்தை பிணைக் கையெழுத்து இடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும். அதற்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டா. பெண்களுக்கும் சிறார்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமலே, சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

காகிதம் வந்தால் முதற்பக்கத்தைக் கடைசியில் படியுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு பங்கு, அடிபட்டால் என்ன, விலகினால் என்ன, படம் யாருக்குச் சொந்தம் என்ற ஐந்து கேள்விக்கும் எழுத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அவகாசம் தர மறுப்பவரிடம் கையெழுத்தும் தர மறுத்துவிடுங்கள். கையெழுத்திட்ட மூலப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். பிள்ளையையும் பக்கத்தில் அமர்த்தி, அவளுக்குப் புரியும்படி படித்துக்காட்டுங்கள். ஓடப்போவது அவளுடைய கால்கள் அல்லவா?

ஒவ்வொரு பங்கிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். வழக்கறிஞர் ஒருவரேனும் இருப்பார். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம், இத்தகைய காகிதங்களைப் படித்துச் சொல்ல நாம் முன்வந்தால் அது பெரிய செலவன்று. எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரட்டும். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கெடிலக் கரை வரை, வேகமாக ஓடும் பிள்ளைகள் நம்மிடம் குறைவில்லை. வெற்றியின் பயனை அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் முழுமையாக அனுபவிக்க வேண்டுமானால், களத்தில் இறங்குமுன்னரே அவர்களுக்காக ஒருவர் அந்த மூன்றாம் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.